மஞ்சள் தண்ணீரும் நாற்பத்திரண்டு கிலோமீட்டரும்

ஆசை நைனாவுக்கு,

நான் ஓடிவிட்டேன். முழுசாக ஓடிவிட்டேன். நாற்பத்திரண்டு கிலோமீட்டரும், அதற்கு மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கொசுறும். கழுத்தில் போட்ட பதக்கத்தை நேற்றுவரை கழற்றவில்லை. மாவு அரைக்கும்போது அது தொங்கிக் கிரைண்டரில் இடித்தது, அப்போதும் கழற்றவில்லை. "தாலிய வுட இத்த கெட்டியா புடிச்சுகினு கீறா" என்று உன் மாப்பிள்ளை சேகர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உன்னிடம் சொல்லாதவரை எனக்கு இது முடிந்த மாதிரியே இல்லை. கம்பெனி மலரில் போட ஏதாவது எழுதிக் கொடு என்றார்கள். என் நைனாவுக்கு எழுதுவதைத்தான் தருவேன், இஷ்டம் இருந்தால் போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். நீ ஓட்டிய கம்பெனி பஸ்ஸில் வந்தவர்கள் பாதிப் பேர் இன்னும் இங்கேதான் வேலை செய்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

நீ போன மறுவருஷம் கம்பெனியில் மருத்துவ முகாம் நடந்தது. எனக்கும் சர்க்கரை என்றார்கள். நீ விட்டுப்போன சொத்தில் பங்கு கேட்க வேறு பிள்ளை இல்லையே, முழுசாக எனக்கே வந்து சேர்ந்தது. சேகர் பயந்தார், நான் அழுதேன். அன்றிலிருந்து அம்மா என் காலைப் பார்ப்பதில்லை, நைனா. நான் கால் நீட்டி உட்கார்ந்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அவளைச் சொல்லி என்ன செய்ய? நீ செங்கல்பட்டிலிருந்து மறைமலைநகருக்குப் பஸ் ஓட்டிய காலத்தில், எஞ்சின் உன் இடது காலுக்குப் பக்கத்திலேயே இருக்கும். அந்த மூடியில் தெரியாமல் கை பட்டால் நாங்கள் வெடுக்கென்று இழுத்துக்கொள்வோம். நீயோ செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலை அதன்மேல் சாய்த்துக்கொண்டு, சிங்கப்பெருமாள் கோயில் கேட்டில் ரயில் போவதற்காகக் காத்திருப்பாய். "என் காலுக்குச் சூடே ஏறாது" என்று முன்சீட்டுப் பெண்களிடம் பெருமை வேறு. நாங்களும் இரும்புக்கால் என்று சிரித்தோம். சர்க்கரை உன் காலை மரத்துப்போக வைத்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? குதிகால் வெந்து நாற்றம் வந்த பிறகுதான் உனக்கே தெரிந்தது. முதலில் குதிகால் சதையை வெட்டி எடுத்தார்கள், அப்புறம் பாதத்தை, அப்புறம் முழங்கால்வரை. அந்த வருஷம் முடிவதற்குள் நீயும் போய்விட்டாய்.

போதும், அதை விடு. நான் சந்தோஷத்தைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

மேரியை நினைவிருக்கிறதா? டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து பாட்டை மாற்றச் சொல்லி உன் உயிரை எடுப்பாளே, அவள்தான். ஒயரிங் லைனில் எனக்குப் பக்கத்து மேஜை. சர்க்கரை என்று தெரிந்து நான் மூலையில் உட்கார்ந்திருந்தபோது, "அழுதுகினே இருந்தா சுகர் எறங்காதுக்கா, எழுந்து நட" என்று கையைப் பிடித்து இழுத்துப்போனவள் அவள். கொளவாய் ஏரிப் பக்கம் காலையில் நடக்க ஆரம்பித்தோம். நடை வேகமானது, வேகம் ஓட்டமானது. எப்போது ஓட ஆரம்பித்தோம் என்று எங்களுக்கே தெரியாது.

இந்த ஊரில் ஒரு பொம்பளை விடிகாலையில் ஓடினால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாததா? பஸ்ஸை விட்டுவிட்டாள் என்றுதான் அர்த்தம். கோலம் போடுகிறவர்கள் நிமிர்ந்து பார்த்து, எந்தக் கம்பெனி பஸ்ஸை விட்டாய் என்று விசாரிப்பார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வந்தால் அதைவிடப் பேஜார். டிரைவர்கள் எல்லாம் உன் ஆட்கள். என்னைப் பார்த்ததும் பிரேக் போட்டு, கதவைத் திறந்து, ஏறு ஏறு என்பார்கள். நான் வேண்டாம் என்று கையை ஆட்டினால், கோபித்துக்கொண்டு ஓடுகிறேன் என்று நினைத்து, கூடவே மெதுவாக உருட்டிக்கொண்டு சமாதானம் பேசுவார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு ஷிப்டுக்கு நேரமாகும். ஒருநாள் ஒரு பஸ் முழுக்க என்னைத் திட்டியது.

மாமல்லபுரத்தில் மராத்தான் நடக்கப்போகிறது என்று மேரி சொன்னபோது நான் சிரித்தேன். பிறகு அவள் என்னைக் கேட்காமலேயே என் பெயரைக் கொடுத்துவிட்டாள். தான் மட்டும் கொடுக்கவில்லை. கேட்டால், பாதி வழியில் வந்து சேர்ந்துகொள்கிறேன், உன்னைத் தள்ளிக்கொண்டு வர ஆள் வேண்டாமா என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன். பல மாதம் என்னைப் பார்த்துவிட்டு, மாத்திரையை மாற்றி, எதை எப்போது சாப்பிட வேண்டும் என்று பழக்கிவிட்டு, கடைசியில் சம்மதித்தார். ஒரே கட்டளைதான். ஈர ஷூவோடு ஓடக் கூடாது. கொப்புளம் ஒன்று வந்தால், எந்த இடமானாலும் அங்கேயே நின்றுவிட வேண்டும். அதோடு ஓடும்போது கொஞ்சம் கொஞ்சமாக இனிப்புச் சாப்பிட வேண்டும் என்றும் சொன்னார். கரும்பு தின்னக் கூலியா, நைனா? கடலைமிட்டாயைப் பார்த்தே வருஷக்கணக்காகிவிட்டது எனக்கு. அதற்காகவே ஓடலாம் என்று தோன்றியது.

அம்மாவிடம் சொன்ன அன்று வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. "இந்த வூட்ல ஒரு கால் போனது பத்தாதாடி?" என்றாள். ஓட்டத்துக்கு முதல்நாள் பையை எடுத்துக்கொண்டு மணமைப் பக்கம் உன் தங்கை தனம் அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள். அத்தை வீடு இருப்பது நாங்கள் ஓடப்போகிற அதே ரோட்டில்தான். ஆனாலும் வாசலுக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்போதுதான் எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெளிவாகத் தெரிந்தது. பதக்கம் பெரிசில்லை. முழுத் தூரமும் ஓடிவிட்டு, இரண்டு காலோடும் அவள் முன்னால் போய் நிற்க வேண்டும். என் காலை அவள் ஒருமுறை பார்க்க வேண்டும்.

விடிவதற்கு முன் மாமல்லபுரத்தில் எத்தனை கூட்டம் என்கிறாய். எல்லோருக்கும் மஞ்சள் பனியன் கொடுத்திருந்தார்கள். கையில் விதவிதமான வாட்ச், இடுப்பில் பெல்ட், பெல்ட்டில் குட்டிக் குட்டி பாட்டில். நான் துப்பட்டாவை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்ததற்கே கூச்சப்பட்டுக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற கண்ணாடிக்காரர், சென்னையில் ஏதோ ஆபீஸில் பெரிய வேலையாம், உங்கள் டார்கெட் என்ன மேடம் என்றார். எங்கள் லைனில் டார்கெட் என்றால் ஒரு ஷிப்டுக்கு இத்தனை பீஸ். அதனால் கொஞ்ச நேரம் முழித்துவிட்டு, பஸ் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்றேன். நிஜமாகவே அப்படித்தான். கடைசியாக ஓடுகிறவர்களை ஏற்றிக்கொள்ள ஒரு பஸ் பின்னால் வந்துகொண்டே இருக்கும். வாழ்நாள் முழுக்க நான் பஸ்ஸைத் துரத்தினேன், அன்றைக்குப் பஸ் என்னைத் துரத்தப்போகிறது என்று நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பயம் அதோடு போயிற்று.

தெற்கே கல்பாக்கம் தாண்டிப் பாலாற்றுப் பாலம் வரை போய்த் திரும்ப வேண்டும். போகும்போது தனம் அத்தை ஊரை இருட்டிலேயே தாண்டிவிட்டேன், ஒரு வாசல்கூடத் திறக்கவில்லை. ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு, அதற்கு அப்பால் கடல். வெளிச்சம் வர வர எனக்கு இறக்கை முளைத்துவிட்டது. சேகர் ஸ்கூட்டரில் முன்னால் போய் நிற்பார், கடலைமிட்டாயும் தண்ணீரும் கொடுப்பார், ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று விரலில் குத்திப் பார்ப்பார், மறுபடி முன்னால் போவார். ஒவ்வொரு முறையும் அவர் முகம்தான் என்னைவிட அதிகமாக வியர்த்திருக்கும். பாலத்தில் திரும்பும்போது எட்டிப் பார்த்தேன். மணல்தான் இருக்கும் என்று நினைத்தேன், இந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் போகிறது, நைனா. நீயாக இருந்தால் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு எல்லோரையும் இறக்கிக் காட்டியிருப்பாய்.

திரும்பிய பிறகுதான் ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டேனோ என்று இருந்தது. வெயில் ஏறிவிட்டது. தொடை கல்லாகக் கனத்தது. கண்ணாடிக்காரரும் என் வேகத்துக்கு இறங்கிவிட்டார், இப்போது டார்கெட் பற்றிப் பேச்சே இல்லை. தனம் அத்தை ஊர் வந்தால் மேரி நிற்பாள், அதுவரை போய்விடலாம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு ஓடினேன்.

ஊர் தெரிவதற்கு முன்னால் பம்பைச் சத்தம் கேட்டது.

உன் தங்கையைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? ஊரைக் கூட்டுவதென்றால் அவளுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. இந்த ரோட்டில் வேண்டிக்கொண்டு கோயிலுக்கு நடந்து போகிறவர்களின் காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது நம் பக்கத்து வழக்கம். அண்ணன் மகள் செங்கல்பட்டிலிருந்து வந்து ஓடுகிறாள் என்றதும், அண்ணன் ஆத்மாவுக்காக வேண்டிக்கொண்டுதான் ஓடுகிறாள் என்று அத்தை தானாகவே முடிவு செய்துவிட்டாள். காலையிலிருந்து வருகிறவர்களோ எல்லோரும் மஞ்சள் உடுப்பு. ஊருக்கு வேறு சாட்சி வேண்டுமா? ரோட்டோரம் பெரிய கோலம், குடம் குடமாக மஞ்சள் தண்ணீர், வேப்பிலை, கற்பூரத் தட்டு. முன்னால் போனவர்கள் பலர் துள்ளித் தாண்டித் தப்பித்திருக்கிறார்கள். சிலர் நெற்றி நிறையக் குங்குமத்தோடு போயிருக்கிறார்கள்.

"எங்க அண்ணன் பொண்ணு வந்துட்டாடி, ஊத்துங்க" என்று அத்தை குரல் கொடுத்தாள். குடத்தோடு முதலில் முன்னால் வந்தது யார் தெரியுமா? அம்மா. வாசலுக்கே வர மாட்டேன் என்றவள், தலைக்குக் குளித்து, கூந்தலை முடிந்துகொண்டு, நடுரோட்டில் நிற்கிறாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு, குடத்தைச் சாய்த்து மொத்தத் தண்ணீரையும் என் காலில் ஊற்றிவிட்டாள். குனிந்து பார்த்திருந்தால் ஷூ தெரிந்திருக்கும். அவள்தான் என் காலைப் பார்ப்பதில்லையே.

அடுத்த குடமும் வந்துவிட்டது. மேரி கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்து, "அம்மா, நிறுத்துங்க. ஷூ நனஞ்சா அக்கா ஓடக் கூடாது" என்றாள். பம்பை நின்றது. பின்னால் கண்ணாடிக்காரர் மட்டும் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டு அவர் பங்குத் தண்ணீரை வாங்கிக்கொண்டிருந்தார். அம்மாவின் கையிலிருந்த காலிக் குடம் நழுவி விழுந்தது. என் ஷூவுக்குள் மஞ்சள் தண்ணீர் நின்றது.

சேகர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்தார். "போதும் கோமு, வுடு. இவ்ளோ தூரம் வந்ததே பெருசு. வூட்டுக்குப் போலாம்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். டாக்டரம்மா சொன்னதும் அதுதான். நான் அழ ஆரம்பித்தேன். யார்மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை. உன் தங்கைமேல் கோபப்பட்டால் அவளும் அழுவாள்.

அப்போது அம்மா யார் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியிலோ என்னை உட்கார வைத்துவிட்டு, ரோட்டிலேயே உட்கார்ந்தாள். என் காலை இழுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள். ஷூவைக் கழற்றினாள், சாக்ஸை உரித்தாள். முந்தானையால் ஒவ்வொரு விரலிடுக்கையும் ஒற்றி எடுத்தாள். ஆஸ்பத்திரியில் உனக்குக் கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் வெளி வராந்தாவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றவள் அவள். இப்போது மூக்குக்கு நேராக என் பாதத்தைத் தூக்கிவைத்துப் பார்க்கிறாள். கொப்புளம் இல்லை. இடது குதிகாலில் மட்டும் ஒரு இடம் நன்றாகச் சிவந்திருந்தது. அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள்.

"வலிக்குதா?"

"ஆ, வலிக்குதும்மா."

"மெய்யாலுமே வலிக்குதா? எனக்காகச் சொல்லாத."

"உயிர் போவுது. கைய எடு."

அவள் முகம் மாறியதை நீ பார்த்திருக்க வேண்டும். நான் பிறந்த அன்று நர்ஸ் என்னைக் கொண்டுவந்து காட்டியபோதுகூட அவள் அப்படிச் சிரித்திருப்பாளா தெரியாது. "வலிக்குதாம்" என்று தெருவைப் பார்த்துச் சொன்னாள். "எம் பொண்ணுக்கு வலிக்குதாம் தனம், நல்லா வலிக்குதாம்." ஊர்க்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும் சேகருக்கும் மட்டும் புரிந்தது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். பிறகு அம்மா என் காலைத் தட்டிவிட்டு, "எழுந்து ஓடு" என்றாள்.

அதன்பிறகு அந்தத் தெரு வேலை செய்த வேகத்தை எங்கள் லைனில் பார்த்ததில்லை. ஒருத்தி துண்டு கொண்டுவந்தாள், ஒருத்தி முகத்துக்குப் போடுகிற பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து என் காலில் கொட்டினாள். சேகர் பையிலிருந்து உலர்ந்த சாக்ஸை எடுத்தார். மேரி தன் ஷூவைக் கழற்றி எனக்கு மாட்டினாள். அது எனக்கு ஒரு சைஸ் பெரிசு, அதனால் இரண்டு சாக்ஸ் போட்டோம். என் ஈர ஷூவின் பின்பக்கத்தை மிதித்து நசுக்கி அவள் மாட்டிக்கொண்டாள். "எனக்குச் சுகர் இல்ல, நான் பாத்துக்கறேன், வா" என்று கிளம்பினாள். கடைசிவரை அவள் கால் சளக் சளக் என்று பக்கத்தில் சத்தம் போட்டுக்கொண்டே வந்தது. அந்தத் தாளத்துக்குத்தான் நான் ஓடினேன்.

இதற்குள் பஸ் வந்துவிட்டது. எங்களுக்குப் பின்னால் உறுமிக்கொண்டே வந்து, பக்கத்தில் ஊர்ந்தது. டிரைவர் தலையை நீட்டி, ஏறுங்கம்மா, நேரமாகுது என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், சேகரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்த அம்மா பதில் சொன்னாள்.

"அவ ஏற மாட்டா. நீ மெதுவா வா."

டிரைவரின் பெண்டாட்டி குரல் டிரைவர்களுக்குத் தெரியும் போலிருக்கிறது. அவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டார்.

முடிக்கிற இடத்தில் பாதிப் பந்தலைப் பிரித்துவிட்டிருந்தார்கள். ஆனால் நேரம் முடியவில்லை, நான் நேரத்துக்குள்தான் போனேன். கண்ணாடிக்காரர் நெற்றியில் குங்குமத்தோடு எனக்கு முன்னாலேயே போய் நின்று கைதட்டினார். ஒலிபெருக்கியில் என் பெயரோடு உன் பெயரையும் சேர்த்துச் சொன்னார்கள். எனக்கு அந்த நிமிஷம் வலித்தது, நைனா. குதிகால், முட்டி, தொடை, இடுப்பு, நகக்கண், எல்லாம் வலித்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. உனக்கு இந்த வலி கிடைக்காமல் போய்விட்டதே என்று நினைத்துத்தான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

இன்னும் ஒரு செய்தி இருக்கிறது. இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். அம்மாதான் எழுது, அந்த மனுஷனுக்கும் தெரியட்டும் என்றாள்.

இரண்டு நாள் கழித்துக் காலைக் காட்ட டாக்டரம்மாவிடம் போனோம். என் காலில் ஒன்றும் இல்லை, சிவப்புக்கூட இறங்கிவிட்டது. எழுந்திருக்கும்போது அம்மா என் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்தாள். "எனக்கும் பாருங்கம்மா" என்றாள். இத்தனை வருஷமாக ஒரு ஊசிகூடக் குத்திப் பார்க்க விடாதவள் அவள். டாக்டரம்மா அவளைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் ஒவ்வோர் இடமாகத் தொட்டார். தெரியும்போது சொல்ல வேண்டும். அம்மா ஒவ்வொரு தொடுதலுக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள். வலது காலின் சுண்டுவிரலுக்கு வந்ததும் அவள் வாய் சும்மா இருந்தது. இழை வளைகிறது, எனக்குத் தெரிகிறது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, அடுத்ததற்காகக் காத்திருக்கிறாள்.

ரத்தமும் எடுத்துப் பார்த்தார்கள், சர்க்கரை இருக்கிறது. ஒரே ஒரு விரல்தான் மரத்திருக்கிறது, சீக்கிரம் வந்துவிட்டீர்கள், காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார் டாக்டரம்மா. அம்மா பயந்துவிடுவாள் என்று நான் பார்த்தேன். அவளோ எழுந்து புடவையை உதறிக்கொண்டு, மேரியின் ஷூ எந்தக் கடையில் வாங்கியது என்று என்னைக் கேட்டாள்.

இப்போது காலையில் நான், மேரி, அம்மா என்று மூன்று பேராகப் போகிறோம். நான் ஓடுவதில்லை, அம்மாவின் நடைக்கு நடக்கிறேன். முணுமுணுத்துக்கொண்டேதான் வருகிறாள், ஆனால் ஒருநாள்கூட நின்றதில்லை. வந்ததும் அவள் காலை என் மடியில் வைத்துத் துடைத்து, ஒவ்வொரு விரலாகப் பார்க்கிறேன்.

உன் காலுக்கு நாங்கள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இவளை அப்படி விட மாட்டேன், நைனா. உன் பெண்டாட்டி தன் சொந்தக் காலில்தான் உன்னிடம் வருவாள். அதுவும் இப்போதைக்கு இல்லை, நீ மெதுவாகக் காத்திரு.

உன் ஒரே மகள்,
இப்போது இரண்டு ஜோடிக் கால்களுக்குப் பொறுப்பாளி,
கோமு